பெரும்பாறை மடுவத்தில் தவழ்ந்த பெட்டி

ராக்கம்மா இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தது எழுபத்து மூன்றாம் வருஷம். கணவன் நல்லையா, ஐந்து வயது மகள், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை. கப்பலில் வந்தவர்களுக்கான மண்டபம் முகாமில் மூன்று மாதம் கிடந்தார்கள். பிறகு நல்லையாவுக்குத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, கொடைக்கானல் மலைப் பக்கம் பெரும்பாறையில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நல்லையாவுக்குச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலை கிடைத்தது. ராக்கம்மாவைத் தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் கூப்பிட்டு, "உனக்கு என்ன சோலி தெரியும்?" என்று கேட்டார்.

"பிள்ளை மடுவத்துல இருந்தேனுங்க. பதினாலு வயசுலேர்ந்து."

ரைட்டருக்கு அது விளங்கவில்லை. அம்மாக்கள் மலையில் வேலை செய்யும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் என்று அவள் சொன்னதும், "அட, நம்ம ஆயாக் கொட்டகை" என்றார். மறுநாளே அங்கே வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் தோட்டம் முழுக்க அதை மடுவம் என்றே சொல்ல ஆரம்பித்தது. ராக்கம்மா அந்தச் சொல்லை மாற்றிக்கொள்ளவே இல்லை.

மடுவம் இரண்டு அறைதான். ஓட்டுக் கூரை, சிமெண்டுத் தரை. உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள். கொக்கிக்கு ஒரு சேலைத் தொட்டில். காலையில் வெள்ளனே பிள்ளைகளை வாங்கித் தொட்டிலில் போட்டால், பத்து மணிக்குப் பால் கொடுக்க அம்மாக்கள் ஓடி வரும்போது எடுப்பது, மத்தியானம் எடுப்பது, சாயங்காலம் எடுத்துக் கொடுப்பது. நடக்கத் தெரிந்த பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும். நடக்கத் தெரியாதவை தொட்டிலில் இருக்கும். கீழே விடக்கூடாது என்பது தோட்டத்துக் கட்டளை. பெரும்பாறையில் மழைக்காலம் வந்தால் சிமெண்டுத் தரை வேர்த்து வழியும். பிள்ளைக்குச் சளி பிடித்தால் அம்மா வேலைக்கு வர மாட்டாள் என்பது மேனேஜரின் கவலை.

பதினோரு வருஷம் இப்படியே போனது. எண்பத்து நான்கில் அருள்மணி வந்தார்.

அருள்மணி கொடைக்கானல்காரர். அவருடைய அப்பா அங்கே ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். மகன் மெட்ராஸில் படித்து, வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்து, மெட்ராஸிலேயே கல்லூரி வேலைக்குச் சேர்ந்திருந்தார். முப்பத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு, எப்போதும் ஒரே பழுப்பு ஸ்வெட்டர். கைக்குழந்தைக்கு அறிவு எப்படி வளர்கிறது என்பதுதான் அவருடைய படிப்பு. மேனேஜரிடம் கடிதம் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு மடுவத்துக்கு வந்தவர், முதல் நாள் ராக்கம்மாவை "ஆயா" என்று கூப்பிட்டார். இரண்டாம் வாரத்திலிருந்து "அக்கா" ஆகிவிட்டது.

அவர் செய்தது பார்க்க விளையாட்டுப் போல இருந்தது. ராக்கம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்து ஒரு சிவப்புக் கிலுகிலுப்பையை ஆட்டுவார். பிள்ளை கை நீட்டும்போது அதைக் கீழே வைத்து ஒரு துண்டால் மூடுவார். ஐந்து மாதத்துப் பிள்ளை உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கிலுகிலுப்பை என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். பெரிய பிள்ளை துண்டை இழுத்து எடுத்துவிடும்.

"அவ்வளவுதானா சார்?" என்றாள் ராக்கம்மா.

"அவ்வளவுதான்க்கா. கண்ணுக்குத் தெரியாட்டியும் பொருள் அங்கதான் இருக்குன்னு பிள்ளைக்கு எந்த மாசத்துல தெரிய வருது, எப்படித் தெரிய வருது. இந்த ஒண்ணைத்தான் நான் ஆறு வருஷமா கேட்டுட்டிருக்கேன்."

இன்னொரு விளையாட்டும் உண்டு. இரண்டு துண்டு விரிப்பார். இடது துண்டுக்கு அடியில் நாலைந்து தடவை ஒளித்து வைப்பார், பிள்ளை எடுத்துவிடும். பிறகு, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது துண்டுக்கு அடியில் வைப்பார். பிள்ளை பழையபடி இடது துண்டைத்தான் இழுக்கும். இழுத்துவிட்டு, காலியாகக் கிடப்பதைப் பார்த்து அழும். மலையில் பழம் பறிக்கும் வள்ளியின் மகள் அப்படி ஐந்து தடவை ஏமாந்தபோது ராக்கம்மாவுக்குச் சிரிப்பும் பாவமுமாக வந்தது.

ஒரு வருஷம் அருள்மணி இப்படி மாதம் பத்து நாள் வந்து போனார். கொடைக்கானல் டவுனிலும் இதையே செய்தார். அங்கே ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள், ஹோட்டல் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். எண்பத்து ஐந்து மே மாதம் ஒரு நாள், மடுவத்து மேசையில் அவர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ராக்கம்மா கேட்டாள்:

"எங்க பிள்ளைகளைப் பத்தி என்ன சார் எழுதியிருக்கீங்க?"

அருள்மணி பேனாவை மூடினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர்.

"டவுன் பிள்ளைங்க ஒம்பதாம் மாசத்துல துண்டை எடுக்குது. இங்க பதினோராம் மாசம் ஆகுது. ரெண்டு மாசம் பின்தங்கியிருக்குன்னு எழுதியிருக்கேன்."

"பின்தங்கின்னா? மந்தமா?"

"அந்த வார்த்தையை நான் போடலைக்கா. சத்துக் குறைவு காரணமா இருக்கலாம்னு போட்டிருக்கேன்."

ராக்கம்மா எழுந்து பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள். எத்தனை பிள்ளைகள் அவள் கை வழியாகப் போயிருக்கின்றன! பேர் போடாமல் எழுதினாலும் அது அவளைப் பற்றி எழுதியதுதான்.

"சத்துக் கொறவு உண்டு. நான் இல்லேங்கல," என்றாள். "ஆனா பிச்சையம்மா மகன் குழந்தைவேல் என்ன ஆச்சு? தோட்டத்துலேயே எலும்பும் தோலுமா இருந்த பிள்ளை அதுதான். வந்த அன்னைக்கே துண்டை வெரசா இழுத்துட்டானே."

அருள்மணி நோட்டைப் புரட்டினார். "அது ஒரே ஒரு பிள்ளைக்கா. மத்த எதோடயும் ஒத்துப்போகலை. கணக்குல சேர்க்காம விட்டுட்டேன்."

"ஒண்ணுதானேன்னு தள்ளிட்டீங்க. அது ஏன் அப்படின்னு பாத்தீங்களா?"

பிச்சையம்மாள் காப்பிப் பழம் உரிக்கும் கொட்டகையின் சாய்ப்பில் குடியிருந்தாள். தகரக் கூரை, தொட்டில் கட்டக் கொக்கி கிடையாது, கட்டினாலும் தாங்காது. பிள்ளையைச் சாக்கு விரித்துத் தரையில்தான் போட்டிருந்தாள். அவன் உருண்டு, ஊர்ந்து, தவழ்ந்து, ஒன்பது மாதத்தில் மடுவத்துக்கு வந்தான். ராக்கம்மா இதைச் சொல்லிவிட்டு, உத்தரத்துக் கொக்கிகளைக் காட்டினாள்.

"இங்க எல்லாம் தொட்டில்ல கெடக்கு. ஒரு சாமானைப் போய் எடுக்கணும்னா நாமதான் கொண்டாந்து கையில கொடுக்குறோம். அது எங்க இருக்குன்னு பிள்ளை ஏன் நெனைப்புல வச்சுக்கணும்? டவுன்ல பிள்ளை ஜமக்காளத்துல தவழுது. இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்க்கா. ஆனா ஒரு பிள்ளையை வச்சு நான் எழுத முடியாது."

"எழுத வேணாம். பாருங்க."

அந்த ஜூலையில் அருள்மணி ஜீப்பில் ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே தட்டச்சு இயந்திரம் போன்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர், ஒரு கறுப்பு வெள்ளை டி.வி., அப்புறம் டிபன் கேரியர் அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. பெட்டியின் தலை இரண்டு பக்கமும் திரும்பும். தலையில் வெளிச்சத்தை உணரும் இரண்டு கண்ணாடிச் சில்லுகள். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த உபகாரம் என்பவர்தான் அதைச் செய்து கொடுத்தவர். அவரும் கூடவே வந்து, பால் வைக்கும் அறைக்குக் கரண்டு இழுத்து, எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார்.

"இது எதுக்கு சார்?" என்று ராக்கம்மா கேட்டாள்.

"பிள்ளையோட தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு நம்மளால பாக்க முடியாதுக்கா. இதுக்குள்ள பாக்கலாம். நம்ம மூளையில நரம்புங்க ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு. பழகப் பழக சில பின்னல் கெட்டியாகும், சிலது தளர்ந்துரும். அதே மாதிரி ஒரு சின்னப் பின்னலைக் கணக்கா இந்தக் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கேன். நான் எதையும் சொல்லித் தரமாட்டேன். அதுவா பார்த்துப் பழகணும். பிள்ளை செய்யற தப்பை இதுவும் செஞ்சா, ஏன் செய்யுதுன்னு திறந்து பாக்கலாம்ல?"

மேசை மேல் பெட்டி. அதற்கு எதிரே இடது பக்கம் ஒரு சின்ன பல்பு, வலது பக்கம் ஒன்று. ஒரு பல்பு எரியும். பெட்டி தலையைத் திருப்பிப் பார்க்கும். ஓர் அட்டையால் பல்பை மறைப்பார் அருள்மணி. அதற்குப் பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறதா என்பதுதான் சோதனை. பார்க்கவில்லை. அட்டை விழுந்த மறுநொடியே தலை நடுவுக்கு வந்துவிடும். முந்நூறு தடவை, ஐந்நூறு தடவை. மூன்று வாரம் ஆகியும் அதே கதைதான். அருள்மணி தாடி வளர்ந்த முகத்தோடு டி.வி.யில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

பால் காய்ச்ச வந்த ராக்கம்மா ஒரு நாள் நின்று பார்த்தாள்.

"ஏன் சார், இதையும் தொட்டில்லதான போட்டு வச்சிருக்கீங்க?"

"என்னக்கா?"

"மேசை மேல வச்சு, வெளக்கை நீங்களே கொண்டாந்து காட்டுறீங்க. அது எதையும் போய் எடுக்கலையே. கீழ எறக்கி நடக்க விடுங்க."

அருள்மணி செருப்பை மாட்டிக்கொண்டு ரைட்டர் ஆபீசுக்குப் போய், உபகாரத்துக்கு டிரங்க் கால் போட்டார்.

சக்கரம் வைக்க மூன்று வாரம் ஆனது. உபகாரம் பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து இரண்டு மோட்டாரும் ஒரு பொம்மைக் காரிலிருந்து சக்கரங்களும் எடுத்துப் பொருத்தினார். நீளமான வயரை இழுத்துக்கொண்டு பெட்டி தரையில் நகர்ந்தது.

இதற்கிடையில் ராக்கம்மா தன் சொந்த வேலையைத் தொடங்கியிருந்தாள். முதலில் மேனேஜரைப் போய்ப் பார்த்தாள்.

"சிமெண்டுத் தரையில பிள்ளையை விட்டு, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்றார் அவர்.

"பலகை போட்டுக்குறேன் தொரை. நாந்தான் பொறுப்பு."

தொரை என்று கூப்பிட்டால் மேனேஜருக்குக் கொஞ்சம் பிடிக்கும். "அம்மாக்காரிங்க சம்மதிச்சா செய்" என்றார். ஆரஞ்சுப் பழம் அடுக்கும் பெட்டிகளில் உடைந்தவற்றை ரைட்டர் கொடுத்தார். நல்லையா ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைப் பிரித்து, ஆணி பிடுங்கி, சிலாம்பு போக இழைத்து, அரை அடி உயரத்துக்குக் கட்டை கொடுத்து மேடையாக அடித்தான். மேலே சாக்கு, அதற்கு மேல் பழைய கம்பளி. எட்டுப் பிள்ளைகளின் அம்மாக்கள் சம்மதித்தார்கள். வள்ளி, முதல் பெண் தொட்டிலில் வளர்ந்தது போதும், இரண்டாவது பெண்ணையாவது கீழே விட்டுப் பார்ப்போம் என்று சம்மதித்தாள்.

இறக்கிவிட்ட முதல் வாரம் பிள்ளைகள் கவிழ்ந்து படுத்து அழுததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ராக்கம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாம் வாரம் ஒரு காலை, பால் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து பெட்டி, தலையை ஆட்டிக்கொண்டு, வாசல் வரைக்கும் உருண்டு வந்தது. வள்ளியின் ஏழு மாதப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கையை ஊன்றினாள். முட்டியை இழுத்தாள். பலகை ஓரம் வரைக்கும் வந்து, பெட்டி திரும்பிப் போனதும், போன திசையைப் பார்த்துக் கத்தினாள்.

"சார், சார்! வந்து பாருங்க, தவழ்ந்துட்டா!"

அருள்மணி ஓடி வந்தவர், சந்தோஷப்படுவதற்குப் பதிலாகத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, அக்கா, பெட்டியைப் பிள்ளைங்க பாக்கவே கூடாது. ரெண்டையும் தனித்தனியா பழக்கணும். இப்ப எதால எது வந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"கதவை நீங்கதான் சாத்தல," என்றாள் ராக்கம்மா, பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டே. அன்றிலிருந்து பால் அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டார்கள்.

அக்டோபர் மழையில் வள்ளியின் அந்தப் பெண்ணுக்கே காய்ச்சல் கண்டது. உடம்பு நெருப்பாகச் சுட்டது. வள்ளி மலையிலிருந்து இறங்கி வந்து, பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"ஒனக்கு என்ன கேடு வந்துச்சு? ஊரு பேரு தெரியாத ஆளு சொன்னான்னு எம்புள்ளையத் தரையில போட்டு ஆராய்ச்சி பண்ணுறியா? கப்பலேறி வந்தவளுக்கு எங்க புள்ள அருமை எங்க தெரியப்போவுது?"

கப்பலேறி வந்தவள் என்று பன்னிரண்டு வருஷத்தில் யாரும் ராக்கம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சாயங்காலமே மேனேஜர் ஆள் அனுப்பி, பலகை மேடையைச் சுவரோடு சாத்தி வைக்கச் சொன்னார். மறுநாள் எட்டுப் பிள்ளைகளும் மறுபடி தொட்டிலுக்குப் போயின. ராக்கம்மா தினமும் வேலை முடிந்து வரிசை வீடுகளான லயத்தில் வள்ளியின் வாசல் வரை போய், உள்ளே போகாமல், பிள்ளை எப்படி இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுத் திரும்பினாள். நல்லையா, "நாம எதுக்கு இதுல தலையக் கொடுக்கணும், பேசாம இருந்திருக்கலாம்ல" என்றான்.

நாலாம் நாள் பிள்ளை உடம்பில் சிவப்புப் புள்ளி போட்டது. தட்டம்மை. அதே வாரம் தோட்டத்தின் மேல் டிவிசனில், மடுவத்துப் பக்கமே வராத ஆறு பிள்ளைகளுக்கும் போட்டிருந்தது. பஸ் ஏறி வந்த சுகாதார நர்ஸ் எல்லாரையும் பார்த்துவிட்டு, இதற்கும் தரைக்கும் சம்பந்தமே இல்லை என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் தேறின. ஆனால் பலகையைப் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ராக்கம்மாவும் போய்க் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வள்ளி பிள்ளையோடு வந்து நின்றாள்.

"அக்கா, இவளைக் கீழயே எறக்கி விடு. தொட்டில்ல போட்டா காலை ஒதைச்சுக்கிட்டு விழப்போறா. வீட்லயும் இதே ரகளைதான்." பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்கு என்னமோ கதைச்சுட்டேன்" என்றாள். பேசுவதைக் கதைப்பது என்று சொல்வது ராக்கம்மாவிடமிருந்து அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

"சரி, சரி. பிள்ளையக் கொடு. மழ வரப்போவுது, வெரசா மலைக்குப் போ."

மேனேஜரிடம் வள்ளியே போய்ச் சொன்னாள். பலகை திரும்பக் கீழே வந்தது.

டிசம்பருக்குள் பெட்டி மாறிவிட்டது. எரியும் விளக்கைத் தேடிப் போகும். வழியில் திரும்பும், வளையும். அதற்குள் அட்டை விழுந்து விளக்கு மறைந்தாலும், மறைந்த இடத்துக்கே போய் நிற்கும். முதல் தடவை அப்படி நின்றபோது அருள்மணி தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரம் ஒரே இடத்தில் வைத்துப் பழக்கியபோது வராதது, சொந்தமாக நகர ஆரம்பித்த பிறகு வந்திருந்தது. விளக்கை இடம் மாற்றிப் பார்த்தார். இடது பக்கம் ஐந்து தடவை எரியவிட்டு மறைத்தார், அப்புறம் வலது பக்கம். பெட்டி நேராக இடது பக்கம் போய், இருட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

ராக்கம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "வள்ளி மூத்த பொண்ணு மாதிரியே இருக்கு சார். ஏமாந்து அழாததுதான் மிச்சம்."

"இதைத்தான்க்கா தேடினேன்," என்றார் அருள்மணி. டி.வி. எண்களைக் காட்டி, பழைய பின்னல் கெட்டிப்பட்டுப் போனதால் புதுசாகப் பார்த்தது அதன் மேல் ஏற முடியவில்லை என்று விளக்கினார். அவளுக்கு எண்கள் புரியவில்லை. பழகிய வழியை விட்டு வருவது கஷ்டம் என்பது புரிந்தது.

பிள்ளைகளின் கணக்கு அத்தனை சுத்தமாக வரவில்லை. எட்டுப் பேரில் ஐந்து பேர் ஒன்பதரை மாதத்தில் துண்டை எடுத்தார்கள். மூன்று பேர் பழையபடி பதினொன்றுதான். அதில் ஒரு பிள்ளை நன்றாகத் தவழ்ந்தும் எடுக்கவில்லை.

"இதை வச்சு நீங்க சொன்னதுதான் சரின்னு அடிச்சுச் சொல்ல முடியாதுக்கா," என்றார் அருள்மணி. "எட்டுப் பேர் போதாது. சத்தும் ஒரு காரணந்தான். ஆனா முன்னாடி எழுதினதைக் கிழிச்சாச்சு. பின்தங்கலைன்னு எழுதலை, எந்த இடத்துல வளருதோ அதுக்குத் தக்கன வளருதுன்னு எழுதியிருக்கேன். குழந்தைவேலையும் சேர்த்துட்டேன்."

"அது போதும் சார்."

"உங்க பேரையும் போடணும்."

"எம்பேரு எதுக்கு? தள்ளிவிட்ட பிள்ளை பேரைப் போடுங்க."

பிள்ளைகளின் பேரைப் போடக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். எண்பத்து ஏழில் அச்சான கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், பெரும்பாறை ராக்கம்மாவின் யோசனைக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. உபகாரம் கொடைக்கானலிலிருந்து வந்து அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். அவருக்கும் ஒரு வரி இருந்தது. அதில் அவருடைய பேரைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்று அவருக்கு வருத்தம்.

அருள்மணி அதற்குப் பிறகு அதிகம் வரவில்லை. அடுத்த சோதனைகளுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும் என்று மெட்ராஸிலேயே இருந்துவிட்டார். மடுவத்தில் உத்தரத்துக் கொக்கிகள் பாதிக்கு மேல் சும்மா கிடந்தன. தூங்கும் நேரத்துக்கு மட்டும் தொட்டில். நல்லையா இரண்டாவது மேடையும் அடித்துக் கொடுத்தான். தொழிலாளர் இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பார்த்து, இது யார் ஏற்பாடு என்று கேட்டார். மேனேஜர், தோட்டத்தின் ஏற்பாடு என்றார். அருகில் நின்ற ராக்கம்மா, "நாந்தான் சார். பலகைய எங்க வீட்டுக்காரர் அடிச்சார்" என்றாள். மேனேஜர் ஒரு தடவை இருமினார். இன்ஸ்பெக்டர் அவள் பேரைக் குறித்துக்கொண்டு போனார்.

அதனால்தான் எண்பத்து ஒன்பது பிப்ரவரியில் திண்டுக்கல்லிலிருந்து கடிதம் வந்தது. மலைத் தோட்டங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருபது பேருக்கு ஒரு நாள் பயிற்சி. ராக்கம்மா வந்து பேச வேண்டும். அவள் ஐந்தாவது வரை படித்தவள். கூட்டத்தில் பேசியதே இல்லை. முதல் பஸ் பிடித்துப் போனாள். ஒரு பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்திருந்தார்கள். எழுந்து நின்றாள். தொட்டில், பலகை, கிலுகிலுப்பை, பெட்டி என்று தெரிந்ததைத் தெரிந்த வரிசையில் சொல்லி முடித்தாள். தட்டம்மையையும், எடுக்காத மூன்று பிள்ளைகளையும் விடாமல் சொன்னாள்.

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அந்த மெஷினு இப்ப பெரிய ஆள் மாதிரி எல்லாம் செய்யுமாங்க்கா?"

"எனக்குத் தெரியல தாயி. மெட்ராஸ்ல இருக்கு. அது வெளக்கு எங்க போச்சுன்னு கத்துக்கிட்டதை மட்டுந்தான் நான் பாத்தேன்," என்றாள் ராக்கம்மா. பிறகு, "அதை விடுங்க. உங்க கொட்டகையில என்ன தரை?" என்று கேட்டாள்.

"நான் ஆடலூருங்க. மண் தரை. சாணி போட்டு மெழுகுவோம். மழை பேஞ்சா ஊறிப் போவுது."

ராக்கம்மா நாற்காலியை அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்தச் செவரு பக்கமிருந்து ஊறுது?" என்றாள்.